லெத்வேயா, கராத்தேயா, சிலம்பமா: தற்காப்புப் பயிற்சியை எப்படி ஒப்பிடுவது?

மார்ச் மாதம் பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், யாங்கோனில் உள்ள நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை பிள்ளையை எதிலாவது சேர்த்துவிட வேண்டும். நீச்சலா, கணினியா, கராத்தேயா என்று தொடங்கும். கராத்தே என்று யாராவது வாயெடுத்தால் போதும், பர்மியக் குத்துச்சண்டையான லெத்வேதான் உண்மையான சண்டை என்பார் மாமா. சிலம்பத்தின் முன்னே மற்றதெல்லாம் தூசு என்பார் சித்தப்பா. கைப்பேசியில் காணொளி பார்த்து வளர்ந்த அண்ணன் மகன், தரையில் உருண்டு கையை முறுக்கும் பிரேசில் ஜியு-ஜிட்சுவே எல்லாவற்றையும் வெல்லும் என்பான். தேநீர் ஆறிப்போகும், கேள்வி அப்படியே கிடக்கும்.

நான் இளமையில் மூன்று ஆண்டுகள் கராத்தேயும், அதன்பின் நீண்ட காலம் ஜூடோவும் பயின்றவன். இப்போது வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவுகிறேன். அதனால், "அண்ணே, எதில் சேர்த்தால் நல்லது?" என்று என்னிடமும் பலர் கேட்கிறார்கள். கலையின் பெயரைக் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஒரு வகுப்பில் பிள்ளைக்கு எதிரே நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் பதிலின் பெரும்பகுதி கிடைத்துவிடும். அது ஏன் என்பதை, சண்டைக்கலை எதுவும் தெரியாதவர்க்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

சின்லோன் வட்டமும் நடுவே கட்டிய வலையும்

பர்மாவில் வளர்ந்த எவருக்கும் சின்லோன் தெரியும். பிரம்பால் பின்னிய பந்தை, ஆறு பேர் வட்டமாக நின்று, கையால் தொடாமல் பாதத்தாலும் முழங்காலாலும் தட்டித் தட்டி நிலத்தில் விழாமல் காக்கும் ஆட்டம் அது. ஒருவர் நடுவே வந்து, உடலைச் சுழற்றி, முதுகுக்குப் பின்னால் இறங்கும் பந்தைக் குதிகாலால் ஏந்துவது போன்ற அரிய வித்தைகளைக் காட்டுவார்; மற்ற ஐவரும் அவருக்கு வாகாகப் பந்தை அனுப்பித் துணை நிற்பார்கள். மரபான சின்லோனில் எதிரணி இல்லை. ஆகவே வெற்றி தோல்வியும் இல்லை. 2013இல் நேபிடோவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்காக அதற்குப் புள்ளிக் கணக்கு வகுத்தார்கள் என்றாலும், மாலை வேளையில் தெருமுனையில் ஆடுகிறவர்கள் இன்றும் அழகுக்காகவே ஆடுகிறார்கள்.

அதே போன்ற பந்தைக் கொண்டு, நடுவே வலை கட்டி, பக்கத்துக்கு மூவராக நின்று ஆடுவது செபாக் தக்ரோ. இங்கே வலைக்கு அப்பால் நிற்பவர், உங்கள் கால் எட்டாத இடம் எது என்று பார்த்து அங்கேயே பந்தை அடிப்பார். இருபது ஆண்டு சின்லோன் ஆடிய ஒருவரைக் கொண்டுவந்து இந்த ஆட்டத்தில் நிறுத்தினால், அவருடைய கால் நுட்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாளில் அவர் தடுமாறுவார். அவர் தவறவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு அவருக்கு ஒரு பந்தை அதுவரை யாருமே அனுப்பியதில்லை.

சண்டைக்கலைப் பயிற்சியிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. எதிரே நிற்பவர் நீங்கள் எதிர்பார்த்தபடி தாக்கி, உங்கள் அசைவு பலிக்கும்படி உடன்பட்டு நடப்பதை ஒத்துழைப்புப் பயிற்சி என்று அழைப்போம். எதிரே நிற்பவர் உங்கள் அசைவைத் தடுக்கவும் தம்முடைய அசைவைப் பலிக்கச் செய்யவும் மெய்யாகவே முயல்வதை எதிர்ப்புப் பயிற்சி என்று அழைப்போம். வகுப்புகளில் இதைத்தான் ஸ்பாரிங் என்கிறார்கள். கராத்தேயில் கட்டா என்றும், நம் சிலம்பத்தில் அடவு என்றும் சொல்லப்படும், தனியாக நின்று வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்கள் இந்த இரண்டுக்கும் முந்தைய படி. அங்கே எதிரே நிற்பவர் கற்பனையில் மட்டும் இருக்கிறார்.

எதிர்ப்பு என்றதும் மூக்கு உடைய அடித்துக்கொள்வது என்று யாரும் அஞ்ச வேண்டாம். எதிர்ப்புக்கு அளவு உண்டு. தோளைத் தொட்டால் ஒரு புள்ளி என்று இரண்டு சிறுவர் ஒருவரையொருவர் தொட முயன்று விலகி ஓடுவதும் எதிர்ப்புப் பயிற்சியே. அடியின் வன்மையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், எதிராளியின் எண்ணம் அவருடையதாகவே இருந்தால் போதும்.

கண் பார்த்து முடிப்பதற்குள் கை வந்துவிடும்

எதிர்ப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கு உடல் இயங்கும் முறையில் விடை இருக்கிறது.

கண் முன்னே ஒரு விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னால், நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞருக்கும் ஏறத்தாழ 0.2 முதல் 0.25 வினாடி பிடிக்கும். இதற்கு எதிர்வினை நேரம் என்று பெயர். கை எட்டும் தூரத்தில் நிற்கும் ஒருவர் விடும் வேகமான நேர்க்குத்து முகத்தை வந்தடைய ஏறக்குறைய அதே நேரமோ, அதைவிடக் குறைவோதான் ஆகும். அதாவது, வரும் கையைப் பார்த்து முடிவெடுத்துத் தடுக்கலாம் என்று நினைப்பவர் தடுக்கத் தொடங்கும்போது குத்து முடிந்திருக்கும்.

அப்படியானால் குத்துச்சண்டை வீரர் எப்படித் தலையை விலக்குகிறார்? அவருக்கு நம்மைவிட வேகமான கண் கிடையாது. குத்து கிளம்புவதற்கு முன்னரே அது கிளம்பப்போகிறது என்பதை அவர் அறிந்துவிடுகிறார். தோள் சற்று எழுகிறது, முன்காலில் எடை ஏறுகிறது, இடுப்பு திரும்புகிறது, இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஓரடி குறைகிறது. இவை எல்லாம் குத்துக்கு முன்னோடியாக வரும் குறிப்புகள். அனவ்ரட்டா சாலையை நெரிசல் வேளையில் கடக்கிறவர் எந்த வாகனத்தின் வேகத்தையும் கணக்கிடுவதில்லை. முன்சக்கரம் எந்தப் பக்கம் ஒடிகிறது, ஓட்டுநர் தலை எங்கே திரும்புகிறது என்பதைத் தம்மை அறியாமலே படித்துவிட்டுக் காலை வைக்கிறார். சிற்றூரிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய உறவினருக்கு அந்தப் படிப்பு இல்லை; அவர் காளி கோயில் எதிரே பத்து நிமிடம் நின்றுகொண்டிருப்பார்.

இந்தக் குறிப்புகளைப் புத்தகத்திலிருந்தோ, உடன்பட்டு நடக்கும் கூட்டாளியிடமிருந்தோ கற்க இயலாது. "இப்போது வலக்கையால் குத்துவேன்" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டி அப்படியே நிறுத்திக்கொள்ளும் கூட்டாளியின் தோளில் ஏமாற்றும் குறிப்பு எதுவும் இருக்காது. அவர் நிற்கும் தூரமும் உண்மையான தூரமாக இருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த வகைப் பயிற்சிக்கு அப்படியே பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது என்பதை உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் சோதனைகளால் காட்டினார். நாற்பது வகைத் தாக்குதலுக்கு நாற்பது வகை மறுமொழி சொல்லித்தரும் வகுப்பு செல்வம் நிறைந்ததாகத் தோன்றும். அந்த நாற்பதும் எதிர்ப்பில் புடம்போடப்படாதவை என்றால் ஆபத்து வேளையில் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குத்துச்சண்டைக்காரரிடம் இருப்பது ஐந்தாறு குத்துகள்தாம். அவற்றை அவர் ஆயிரக்கணக்கான முறை, அசையும் ஆளின்மீது முயன்று பார்த்திருக்கிறார்.

அச்சத்தில் உடலுக்கு நேர்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திடீர் ஆபத்தில் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது. இதயம் படபடக்கிறது, பார்வை குறுகுகிறது, விரல் நுனிகளின் நுண்ணிய வேலைத்திறன் குறைகிறது. எதிராளியின் சுண்டுவிரலைப் பிடித்து இன்ன கோணத்தில் மடக்க வேண்டும் என்பன போன்ற நுட்பங்கள் அந்நேரத்தில் முதலில் கைவிட்டுப் போகின்றன. ஓடுவது, தள்ளுவது, இறுகப் பற்றுவது, முழங்கையால் இடிப்பது போன்ற பெரிய அசைவுகள் மிஞ்சுகின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தாக்குதலைக் கண்டபின் தடுப்பது பெரும்பாலும் நடவாத காரியம், முன்குறிப்பைப் படித்தாக வேண்டும். அந்தப் படிப்பு, தம் விருப்பப்படி இயங்கும் எதிராளியிடம் மட்டுமே கிடைக்கும். அதிலும் சில எளிய அசைவுகளே அச்சத்தைத் தாண்டி நிற்கும்.

"எங்கள் கலை போட்டிக்கு மிகவும் ஆபத்தானது"

இப்படிச் சொல்லும் ஆசிரியரை நீங்கள் எங்காவது சந்திப்பீர்கள். கண்ணைக் குத்துவதும் தொண்டையை நெரிப்பதும் எங்கள் அடிப்படை, அதனால் நாங்கள் மோதிப் பார்ப்பதில்லை என்பார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இந்த வாதத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மறுமொழி கிடைத்துவிட்டது.

ஜப்பானின் பழைய ஜுஜுட்சு மரபுகளில், மூட்டை முறிப்பது முதலிய கொடிய நுட்பங்கள் பல இருந்தன. அவற்றை முழு வேகத்தில் பயின்றால் நாளைக்குப் பயிற்சிக்கு ஆள் இருக்காது என்பதால், முன்கூட்டியே பேசிவைத்த அசைவுகளாகவே அவை பெரிதும் பயிலப்பட்டன. 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்த கோயிலின் சிறிய இடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, ஆபத்தான நுட்பங்களைக் கட்டாவுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய எறிதல், அமுக்குதல், நெரித்தல் ஆகியவற்றைக் கொண்டு ரண்டோரி என்ற எதிர்ப்புப் பயிற்சியை மையத்தில் வைத்தார். கலையிலிருந்து நஞ்சைக் குறைத்தார் என்று இதைப் பார்க்கலாம். ஆனால் அதன் பயனாக அவருடைய மாணவர் ஒவ்வொரு மாலையும் முழு வலிமையோடு எதிர்க்கும் ஆட்களைத் தூக்கி எறிந்து பழகினார்கள். கண்ணைக் குத்தத் தெரிந்தவர்க்கும் முதலில் அசையும் ஆளின் கண்ணுக்கு அருகே கையைக் கொண்டுசெல்லத் தெரிய வேண்டும் அல்லவா?

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. மூன்று ஆண்டு கராத்தேக்குப் பின், கட்டாக்களில் நல்ல பெயர் வாங்கிய கர்வத்தோடு ஜூடோ வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள், என்னைவிட ஒரு சாண் குட்டையான, கண்ணாடி அணிந்த எழுத்தர் ஒருவர் என்னை மரியாதையாக வணங்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் ஏழு முறை பாயில் கிடத்தினார். நான் பயின்ற கராத்தே வகுப்பில் ஒருவரும் என் சட்டையைப் பிடித்து இழுத்ததே இல்லை.

1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில், வெவ்வேறு சண்டைக்கலையினரை ஒரே மேடையில் மோதவிட்ட முதல் யு.எஃப்.சி. போட்டியும் இதே செய்தியைத்தான் வேறு அளவில் சொன்னது. மெல்லிய உடல்வாகு கொண்ட பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, ஒரே இரவில் மூவரை வென்றார். அவரை எதிர்த்த முதலாமவர் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர். ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தவர், தரையில் கிடத்தப்பட்டதும் மூட்டை மடக்கும் பூட்டு எதுவும் விழாமலே தோல்வியை ஒப்புக்கொண்டார். தரையில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைக் கண்ட பலர் ஜியு-ஜிட்சு எல்லாக் கலைகளையும் வெல்லும் என்று முடிவுகட்டினார்கள், அண்ணன் மகன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். சில ஆண்டுகளில் மற்றவர்களும் தரைச் சண்டையைக் கற்றபின், அந்தத் தனி மேலாண்மை கரைந்துபோனது. இன்று அந்த மேடையில் ஏறுகிறவர்கள் குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு நான்கையும் கலந்தே பயில்கிறார்கள்.

இதற்கு மறுபக்கம், 2017இல் சீனாவின் செங்டு நகரில், தாய்ச்சி என்ற சீனச் சண்டைக்கலையின் ஆசான் என்று அறியப்பட்ட வெய் லெய் என்பவரைக் கலப்புச் சண்டைப் பயிற்சியாளர் ஷூ ஷியாவ்டோங் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். தாய்ச்சி பொய் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். எதிர்ப்பில்லாமல் பயின்ற ஒருவரை எதிர்ப்போடு பயின்ற ஒருவர் வென்றார் என்பதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

விதிகள் உடலில் பதிந்துவிடும்

எதிர்ப்புப் பயிற்சி இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. எந்த விதிகளின்படி எதிர்க்கிறோமோ அந்த விதிகள் நம் உடலில் பழக்கமாகப் பதிந்துவிடும். 2000 முதல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக இருக்கும் கொரியச் சண்டைக்கலையான தேக்வாண்டோவில் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் அதன் வீரர்கள் பலர் கைகளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார்கள், அந்த விதிக்குள் அது அறிவான செயல். குத்துச்சண்டையில் கீழே விழுந்தவரைத் தொடக் கூடாது. ஜூடோவில் குத்தே இல்லை என்பதால், என்னைப் போன்றவர்கள் சட்டையைப் பிடிக்கும் ஆசையில் முகத்தைக் காவலின்றி நீட்டிவிடுகிறோம்.

லெத்வே இங்கே தனியாகப் பேசத் தக்கது. மாமா அதைப் பெருமையோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையுறை கிடையாது, வலைத்துணியும் ஒட்டு நாடாவும் சுற்றிய வெறுங்கைதான். குத்து, உதை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றோடு தலையால் முட்டுவதும் உண்டு. தாய்லாந்தின் முவாய் தாய் போட்டிகளில் தலைமுட்டு கிடையாது. மரபு விதிப்படி மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. நடுவர் புள்ளி போடுவதில்லை. ஒருவரும் வீழாமல் ஐந்து சுற்றும் முடிந்தால் ஆட்டம் சமன். அடிபட்டு மயங்கியவருக்கு இரண்டு நிமிட ஓய்வு ஒரு முறை தரப்படும். தெளிந்தால் மீண்டும் சண்டை தொடரும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் கலந்துகொண்ட சா பா ஞேன், பின்னர் ஊர் ஊராகச் சென்று வீரர்களைத் திரட்டி இந்தக் கலைக்கு இன்றைய போட்டி வடிவத்தை அளித்தார். அதற்கு முன் கரேன், மோன் இனத்தாரின் நாட்டுப்புறத் திருவிழாக்களில் மணற்பரப்பில் நடந்த ஆட்டம் அது.

இவ்வளவு குறைந்த விதிகளோடு நடப்பதால், அடிவாங்கியும் நிலைகுலையாதிருக்கும் பண்பை லெத்வே போல் வளர்ப்பவை மிகச் சில. ஆனால் அதுவும் ஒரு விளையாட்டே. எதிரே இருப்பவர் ஒருவர், அவர் எடை தெரியும், கையில் ஆயுதம் இல்லை, தொடங்கும் நேரம் முரசொலித்து அறிவிக்கப்படுகிறது. மயங்கியவருக்கு இரண்டு நிமிடம் தரும் தெரு எங்கும் இல்லை. வெறுங்கையால் மண்டையில் குத்துவதையும் நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் உள்ளங்கை எலும்பு அப்படிக் குத்தும்போது அடிக்கடி முறிகிறது, மருத்துவர்கள் அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பயிலாத கைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடிப்பதே பாதுகாப்பானது.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2017 ஜூன் 30ஆம் நாள் யாங்கோனின் துவுன்னா உள்ளரங்கில் விட்டாலி பிக்டாஷை வென்று, கலப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப்பின் நடு எடைப் பட்டத்தைப் பெற்றபோது இந்த நாடே தூக்கிக் கொண்டாடிய அவுங் லா இன்சாங், லெத்வே வழியாக வந்தவர் அல்லர். மிட்சினாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று அங்கே ஜியு-ஜிட்சுவில் தொடங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் லெத்வேயின் முதன்மைப் பட்டத்தை டுன் டுன் மினிடமிருந்து பெற்றவரோ கனடாக்காரர் டேவ் லெடுக். கலைக்கு ஊர் உண்டு. திறமைக்கு இல்லை போலும்.

சுருக்கமாக: எதிர்ப்புப் பயிற்சியில் கிடைக்கும் திறமை, அந்தப் பயிற்சியின் விதிகள் அனுமதித்த எல்லைவரை நம்பத் தக்கது. எல்லைக்கு வெளியே இருப்பது எது என்று அறிந்துவைத்திருப்பவர், அறியாதவரைவிடப் பாதுகாப்பானவர்.

சிலம்பமும் வர்மமும்

சித்தப்பாவுக்கு வருவோம். சிலம்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நீண்ட கோல் கையில் இருப்பவரை வெறுங்கையோடு நெருங்குவது எளிதன்று என்பது எவருக்கும் விளங்கும். காலடி வைப்பும் தூரம் அளக்கும் கண்ணும் அதில் சிறப்பாக வளர்கின்றன. ஆனால் கோயில் விழாக்களில் நாம் கண்டு கைதட்டுவது பெரும்பாலும் தனி வீச்சும் அலங்காரமும். தமிழ்நாட்டுச் சிலம்பப் போட்டிகளில் தனித்திறமை ஒரு பிரிவு, ஒருவரையொருவர் கோலால் தொட்டுப் புள்ளி பெறும் தொடுமுறை வேறொரு பிரிவு. முன்னது சின்லோன், பின்னது செபாக் தக்ரோ. பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்ப்பவர் அந்த இடத்தில் தொடுமுறை நடக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளிக்கும் கடைக்கும் யாரும் ஐந்தடிக் கோலோடு போவதில்லை என்ற உண்மையும் இருக்கிறது. குடை இருக்கும், அவ்வளவே.

பர்மியர் தம் சண்டைக்கலைகள் அனைத்தையும் தைங் என்ற பொதுப்பெயரால் சுட்டுவார்கள். பாண்டோ, ஆயுதப் பயிற்சியான பன்ஷே, மல்யுத்த வகையான நபான் எல்லாம் அதற்குள் அடங்கும். அவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

வர்மம் பற்றி ஒரே ஒரு சொல். ஓரிடத்தில் தொட்டால் ஆள் விழுவார் என்ற பேச்சு நம்மிடையே நிறைய. உடலில் மென்மையான இடங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அசையாமல் நிற்கும் மாணவன்மீது ஒரு விரலகலப் புள்ளியைக் காட்டுவதும், கத்திக்கொண்டு பாயும் குடிகாரன்மீது அதே புள்ளியைத் தேடுவதும் ஒன்றல்ல.

சண்டை வேறு, தற்காப்பு வேறு

இதுவரை பேசியது சண்டைத் திறமையைப் பற்றி. தற்காப்பு என்பது அதைவிடப் பெரிய வட்டம். சண்டை அதற்குள் ஒரு சிறு மூலை. சமையலறையில் தீப்பிடித்தால் அணைக்கத் தெரிந்திருப்பதும், எரிவாயுக் குழாயை அவ்வப்போது சோதித்துவைப்பதும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள் என்றாலும், வீட்டை நெடுங்காலம் காப்பது இரண்டாவதே.

மேடைச் சண்டையில் இருவரும் ஒப்புக்கொண்டு நிற்கிறார்கள். தாக்குபவரோ உங்கள் ஒப்புதலைக் கேட்பதில்லை. நீங்கள் எதிர்பாராத நேரம், அவருக்கு வசதியான இடம், பெரும்பாலும் துணைக்கு இன்னொருவர், சில வேளை இடுப்பில் கத்தி. கத்தியைப் பொறுத்தவரை, எந்தக் கலையும் வெறுங்கைக்கு உறுதி தர முடியாது. இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: கூட்டாளியின் கையில் மையூறும் தடித்த எழுதுகோலைக் கொடுத்து, வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு, அவர் விருப்பப்படி குத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் சட்டையைப் பார்த்தால், கத்தியைப் பறிக்கும் நுட்பங்களைப் பற்றிய மயக்கம் தீரும். இருவர் மூவர் வந்தால், தரையில் உருண்டு பூட்டுப் போடுவது உங்களையும் தரையில் கட்டிப்போடும். எடையும் ஒரு பொருட்டே. 50 கிலோ உள்ளவருக்கும் 80 கிலோ உள்ளவருக்கும் போட்டிகளில் தனித்தனிப் பிரிவு வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஆகவே தற்காப்பின் பெரும்பகுதி கை நீள்வதற்கு முன்னரே நடக்கிறது. பின்னால் வரும் காலடி ஓசையைக் காதொலிப்பான் மாட்டாமல் கேட்பது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்குகிறவரிடமிருந்து இரண்டடி விலகி நிற்பது, உள்ளங்கைகளை முன்னே உயர்த்தி "அங்கேயே நில்லுங்கள்" என்று பலர் கேட்க உரக்கச் சொல்வது, கைப்பேசியைக் கேட்டால் கொடுத்துவிட்டு மறுபக்கம் ஓடுவது. இவற்றுக்கு எந்த நிறப் பட்டையும் தருவதில்லை. உரத்துப் பேசுவதை அற்பமாக எண்ண வேண்டாம். பெரியவர் முன் குரலுயர்த்தாதே என்று வளர்க்கப்பட்ட நம் பெண்பிள்ளைகளுக்கு, குத்து விடுவதைவிடக் கத்துவதுதான் கடினம் என்பதை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். அதையும் ஒருவர் எதிரே நின்று மறுத்துப் பேச, திரும்பத் திரும்பப் பயின்றால்தான் வரும். இதுவும் ஒருவகை எதிர்ப்புப் பயிற்சியே.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. அதில் உடலால் எதிர்க்கும் நுட்பங்கள் ஒரு பகுதியே. அறிமுகமான ஆணின் நடத்தையில் ஆபத்தின் குறிகளை இனங்காண்பது, தயக்கத்தைக் கடந்து உடனே மறுப்பது ஆகியவை பெரும்பகுதி. அடுத்த ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்களின் விழுக்காடு, பயிற்சி பெறாத பிரிவில் 9.8 ஆகவும் பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 ஆகவும் இருந்தது. குற்றம் தாக்குபவருடையதே, தவிர்க்கும் பொறுப்பைப் பெண்மீது சுமத்தக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் 12 மணி நேரத்தில் யாரும் கறுப்புப் பட்டை வாங்குவதில்லை என்பதையும், பலன் எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்கலாம்.

சட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. மியான்மரின் தண்டனைச் சட்டம், ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கு இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. பிரிவு எண்கள்கூட அவையே. தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இங்கே நமக்குப் பழக்கமான எண்கள் அங்கே பழையவை ஆகிவிட்டன. 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை, அதாவது தம்முடைய அல்லது பிறருடைய உடலையும் உடைமையையும் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை. அந்த உரிமை, ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் கணத்தில் தொடங்கி, அந்த அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே நிற்கும் என்கிறது 102ஆம் பிரிவு. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்கிறது 99ஆம் பிரிவு. விழுந்துவிட்டவரை மேலும் நான்கு உதை உதைப்பது தற்காப்பாகாது. ஓட வழியிருந்தும் வீரத்துக்காக நின்றவருக்கும் பின்னர் விளக்கம் சொல்வது கடினமாகும்.

சுருக்கமாக: சண்டைத் திறமை தற்காப்பின் கடைசிக் கதவு. அதற்கு முன் கவனம், தூரம், குரல், ஓட்டம் என்று நான்கு கதவுகள் இருக்கின்றன. அவற்றையும் பயிற்றுவிக்கும் வகுப்பு அரிது.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது

அப்படியானால் எதில்தான் சேர்ப்பது? வீட்டுக்கு அருகில், பிள்ளை விருப்பத்தோடு இரண்டு ஆண்டாவது போகக்கூடிய, எதிர்ப்புப் பயிற்சி உள்ள எதிலும் சேர்க்கலாம். என் சொந்தச் சாய்வைக் கேட்டால், சிறுவர்க்கு முதலில் ஜூடோவையோ மல்யுத்தத்தையோ சொல்வேன். தலையில் அடி படாமல் முழு எதிர்ப்போடு பயில அவற்றில் முடிகிறது, எப்படி விழுவது என்பதையும் அவை கற்றுத்தருகின்றன. தெருச் சண்டை யார் வாழ்விலும் வராமலே போகலாம், வழுக்கிய குளியலறை எல்லார் வாழ்விலும் வரும். பிறகு விருப்பமிருந்தால் குத்துச்சண்டை. லெத்வேயை வளர்ந்தபின் தாமே தேர்ந்துகொள்ளட்டும். வளரும் தலைக்கு முட்டு வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. நல்ல எதிர்ப்புப் பயிற்சி தரும் கராத்தே வகுப்புகளும் உண்டு, பெயருக்கு மட்டும் ஜூடோ நடத்தும் இடங்களும் உண்டு என்பதால் இந்த வரிசையை யாரும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரில் போனால் சுவரில் தொங்கும் கோப்பைகளைப் பார்க்க வேண்டாம், ஆசிரியர் ஓடு உடைப்பதையும் பார்க்க வேண்டாம். ஓடு திருப்பி அடிப்பதில்லை. அங்கே மூத்த மாணவர் ஒருவர் புதியவரிடம் தோற்றுப்போகும் காட்சி எப்போதாவது நடக்கிறதா என்று கவனியுங்கள். யாருமே தோற்காத வகுப்பில் யாருமே எதிர்ப்பதில்லை. அடிபட்ட பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார், "போதும்" என்று ஒரு சிறுமி தட்டினால் எதிரே இருப்பவர் அந்தக் கணமே விடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். வகுப்பின் தொடக்கத்தில் வணக்கமும் வரிசையும் எங்கும் அழகாகவே இருக்கும். எதிர்ப்புப் பயிற்சி என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில்தான் நடக்கும். ஆகவே முதல் மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், ஒரு மாலை அந்த அரை மணி நேரத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.